மகாவலியில் இறங்கிய பெண்குதிரை

இலங்கையின் மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே கொத்மலை ஓயா என்ற ஆறு ஓடுகிறது. சின்ன வயதில் உச்சிப்பொழுதிலும் விளக்கு வைத்த பிறகும் நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. "ஆத்துப் பக்கம் போவாதீங்கடா, முனியோட குதிர தண்ணி குடிக்க வர்ற நேரம்" என்பார் அப்பாயி, என் அப்பாவின் அம்மா. அவர் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் எங்கள் தோட்டத்தில் குதிரையே கிடையாது. நான் முதன்முதலில் நிஜக் குதிரையைப் பார்த்தது நுவரெலியாவில், ஒரு ஏப்ரல் மாதம், கிரகரி வாவி ஓரத்தில். சுற்றுலா வந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டபடி நடந்த ஒரு மட்டக்குதிரை. அதைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை. ஆற்றங்கரைக் குதிரை வேறு, இது வேறு என்று மட்டும் தோன்றியது.

வளர்ந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் பயம் எங்கள் லயத்து வரிசை வீடுகளோடு நின்றுபோகிற ஒன்று இல்லை. உலகத்தில் குதிரையைப் பற்றி எங்கெல்லாம் பெரிய கதை இருக்கிறதோ, அங்கெல்லாம் பக்கத்திலேயே தண்ணீரும் இருக்கிறது. பாற்கடலைக் கடைந்தபோது உச்சைச்சிரவம் என்ற வெள்ளைக் குதிரை வந்தது நமக்குத் தெரியும். கிரேக்கர்களின் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரைக்குத் தகப்பன் பொசைடன். அவன் கடலுக்கும் தெய்வம், குதிரைக்கும் தெய்வம். அந்தக் குதிரை குளம்பால் உதைத்த இடத்தில் ஊற்று பீறிட்டது என்று கதை போகும். சீனாவில் மஞ்சள் ஆற்றிலிருந்து முதுகில் ஒரு வரைபடத்தைச் சுமந்துகொண்டு டிராகன் குதிரை எழுந்து வந்தது. எல்லாமே தண்ணீரோடு சேர்ந்தவை. ஒற்றைக் கொம்பன், பாதி மனிதன் பாதி குதிரை என்று வேறு ஆயிரம் உண்டு, அவற்றை இப்போதைக்கு விடுகிறேன். எனக்கு இந்தத் தண்ணீர்க் குதிரைகள்தான் முக்கியம். ஏனென்றால் அவற்றில் ஒன்று நம் ஆற்றிலேயே இருக்கிறது.

இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்தில் பண்டுகாபயன் என்ற இளவரசனின் கதை வரும். அதில் சேதியா என்று ஒரு யக்கினி, அதாவது யட்சி. தூமரக்க மலையில், ஒரு குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவள், பெண்குதிரை வடிவத்தில் திரிகிறவள். வெள்ளை உடம்பு, சிவந்த கால்கள். அவளைப் பிடிக்க இளவரசன் சுருக்குக் கயிற்றோடு வருகிறான். அவள் மறைந்து போயிருக்கலாம், யக்கினிதானே, ஆனால் மறையாமல் ஓடுகிறாள். குளத்தை ஏழு முறை சுற்றுகிறாள், மகாகங்கையில் பாய்ந்து கரையேறுகிறாள், மலையை ஏழு முறை சுற்றுகிறாள், திரும்பவும் குளத்தை மூன்று சுற்று, திரும்பவும் ஆறு. அங்கே ஒரு துறையில் அவன் அவளைப் பிடித்துவிடுகிறான். ஆற்றில் மிதந்து வந்த பனையோலை அவன் கையில் வாளாக மாறுகிறது. "என்னைக் கொல்லாதே, நாட்டைப் பிடித்து உனக்குத் தருகிறேன்" என்று அவள் சொல்ல, வாள் முனையால் அவள் மூக்கைத் துளைத்துக் கயிறு கோர்க்கிறான். அதற்குப் பிறகு அவன் போகிற இடமெல்லாம் அவளும் போகிறாள். அவன் அரசனான பிறகு அரண்மனை எல்லைக்குள்ளேயே அவளுக்கு ஓர் இடம் கொடுத்து வைத்தான் என்றும் இருக்கிறது.

மகாகங்கை என்பதுதான் இன்றைய மகாவலி. கதை நடந்த இடம் கீழே, சமவெளிப் பக்கம். ஆனால் 335 கிலோமீற்றர் ஓடுகிற அந்த ஆற்றுக்குத் தண்ணீர் போவது நம் மலைகளிலிருந்து. அப்பாயி காட்டிப் பயமுறுத்திய கொத்மலை ஓயாவும் அதில்தான் போய்ச் சேர்கிறது. அந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு, வலவாமுகி. பாலியில் வலவா, வடமொழியில் வடவா, இரண்டுக்கும் பெண்குதிரை என்றுதான் பொருள். வலவாமுகி என்றால் பெண்குதிரை முகத்தாள். தமிழ்ப் புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை, வடவாமுகாக்கினி, வடவைத் தீ என்று நாம் சொல்வது இதையேதான். ஔருவ முனிவரின் கோபம் உலகத்தையே எரித்துவிடும் போல இருந்ததால் அதைக் கடலில் விட்டார்கள். அது குதிரை முகத்தோடு கடலின் அடியில் கிடந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, ஊழிக்காலத்தில் வெளியே வரும். அதாவது அடக்கி வைத்த ஒரு கோபம், அதற்குக் குதிரை முகம், இருப்பது தண்ணீருக்கு அடியில். இந்த மூன்றும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள், அடுத்த கதைக்கு இது தேவைப்படும்.

அடுத்த கதை ஸ்கொட்லாந்துக்காரர்களுடையது. அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மலையகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், நம் தோட்டங்களின் பெயர்களைப் படித்தாலே போதும், டன்சினன், பல்மோரல், எடின்பரோ என்று பாதி ஸ்கொட்லாந்து இங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டு ஆறுகளில் கெல்பி என்று ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் அழகான குதிரையாக நிற்கும், யாராவது ஏறமாட்டார்களா என்று காத்திருக்கும். ஏறினால் கை ஒட்டிக்கொள்ளும், இறங்க முடியாது, அப்படியே ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற ஏற அதன் முதுகு நீண்டுகொண்டே போகும் என்பார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் ஒட்டிக்கொண்ட விரலைத் தானே வெட்டிக்கொண்டு தப்பித்ததாக ஒரு கதை. ஏரியிலும் கடலிலும் இருப்பதற்கு வேறு பெயர், அது இன்னும் கொடியது.

ஆனால் கெல்பியையும் அடக்கலாம், அதன் கடிவாளம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடி கேட்கும். மோர்ஃபி என்ற இடத்துத் துரை ஒருவர் (அந்த ஊரில் நிலச்சொந்தக்காரரை அழைக்கும் சொல்லுக்கு நம் "துரை"யைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை) ஒரு கெல்பிக்குக் கடிவாளம் போட்டுப் பிடித்து, தன் மாளிகை கட்டுவதற்குக் கல் இழுக்க வைத்தார். மாளிகை கட்டி முடிந்ததும் அவிழ்த்துவிட்டார். அது ஆற்றுக்குள் இறங்குமுன் திரும்பிப் பார்த்து ஒரு பாட்டுச் சொன்னது. நாட்டார் பாட்டு, அதைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்:

முதுகு நோகுது, எலும்பு நோகுது,
மோர்ஃபி துரையின் கல்லிழுத்து.
கெல்பி உசிரு இருக்கும்மட்டும்
மோர்ஃபி துரை தழைக்கமாட்டான்.

அந்தக் குடும்பம் தழைக்கவில்லை என்று சொல்லிக் கதை முடிகிறது.

மோர்ஃபி இருப்பது பழைய கின்கார்டின் மாவட்டத்தில். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டாரே ஜேம்ஸ் டெய்லர், அவர் 1835இல் பிறந்ததும் அதே மாவட்டத்தில்தான். நம் தேயிலைக் கதை தொடங்கும் இடமும் அந்தக் கெல்பியின் சாபம் பிறந்த இடமும் ஒரே மண். இதைத் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்து, பலரை வழியிலேயே புதைத்துவிட்டு மலையேறியவர்களின் பிள்ளைகள் நாம். துரைமார் குதிரையில் வந்தார்கள், குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு குதிரைக்காரன் பின்னாலேயே நடந்து வந்தான். முதுகு நோகுது, எலும்பு நோகுது என்ற அந்த வரியை என் அம்மா இரவில் கால் நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்க்கும்போது சொல்லியிருக்கிறார், மோர்ஃபி பெயர் மட்டும் இல்லாமல்.

சரி, குதிரைக்கும் தண்ணீருக்கும் ஏன் இந்த உறவு? ஒரே விடை என்று எதையும் நான் நம்பவில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தி ஆழமான இடத்துக்குப் போகாமல் தடுப்பது ஒரு காரணம், கெல்பிக்கும் அப்பாயியின் முனிக்குதிரைக்கும் அந்த வேலை பொருந்தும். மலையாற்றின் குணம் இன்னொரு காரணம். மேலே எங்கோ மழை பெய்யும், இங்கே வெயில் அடிக்கும், திடீரென்று பாறைகள் உருளும் சத்தத்தோடு வெள்ளம் வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குக் குளம்படி என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. நம் மொழியே இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியிருக்கிறது, குதிரைக்கும் பாய்ச்சல், தண்ணீருக்கும் பாய்ச்சல்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் உரிய மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குதிரை இந்த மண்ணின் விலங்கு இல்லை. இன்று உலகெங்கும் இருக்கும் வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் வொல்கா, டொன் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டவை என்று மரபணு ஆய்வு சொல்கிறது. தமிழ்க் கரைக்கு அது கப்பலிலும் வந்து இறங்கியது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்திருந்த பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை முதலில் சொல்வது "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி". நீரின் வழியே வந்த குதிரை! கவிஞர் புராணம் பாடவில்லை, துறைமுகத்தில் கண்டதைச் சொல்கிறார். அனுராதபுரத்தை 22 ஆண்டு ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழர்களும் கப்பலில் குதிரை கொண்டுவந்து விற்ற ஒருவரின் பிள்ளைகள் என்று மகாவம்சமே சொல்கிறது. குதிரை கடலிலிருந்து இறங்கி நடந்து வருவதைக் கண்ணால் பார்த்த சனங்களுக்குப் பாற்கடல் குதிரை நம்ப முடியாததாக இருந்திருக்காது.

இறக்கிய குதிரைகள் நிலைத்ததும் இல்லை. பாண்டிய நாட்டு அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறான், வருடம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்று 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதினார். வெயிலும் ஒவ்வாத தீனியும் பராமரிக்கத் தெரியாததும் சேர்ந்து கொன்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். மாணிக்கவாசகர் அரசன் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார், சிவன் நரிகளைக் குதிரையாக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார், இரவில் அவை திரும்பவும் நரியாகி ஊளையிட்டு லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. கொள்ளைக் காசு கொடுத்து வாங்கி, விடிந்து பார்த்தால் ஒன்றும் இல்லாமல் போகிற அனுபவம் பாண்டிய நாட்டுக்கு இருந்திருக்கிறது. பக்திக் கதைக்குள் அந்தக் கணக்கும் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

லாயம் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனது உறுத்தும். நாங்கள் பிறந்து வளர்ந்த லயம், "லைன்" என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, வரிசை வீடு என்று பொருள். குதிரை கட்டும் லாயம் வேறு சொல். ஆனால் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்தவர்களுக்கு அந்தக் கால் பெரிய தூரமாகத் தெரியாது.

கால் என்றதும் பழைய வடஐரோப்பிய நோர்ஸ்காரர்களின் ஸ்லெய்ப்னிர் ஞாபகம் வருகிறது, ஓடின் தெய்வம் ஏறுகிற எட்டுக்கால் குதிரை, இறந்தவர்கள் உலகத்துக்கும் போய் வரக்கூடியது. எட்டுக் கால் வேகத்துக்காக என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் நம் இந்தியாவின் பஸ்தார் பகுதியில் முரியா கோண்டு மக்களிடம் ஒரு சாவுப் பாட்டு இருக்கிறது. இது என்ன குதிரை, எட்டுக் கால் இருக்கிறதே, நாலு தலை இருக்கிறதே என்று கேட்டுப் பாடுவார்கள். விடை, நாலு பேர் தூக்கிப் போகும் பாடை. நோர்ஸ் குதிரையை விளக்கவும் அறிஞர்கள் இந்தப் பாட்டைக் காட்டியிருக்கிறார்கள். மழையில் வழுக்கும் மலைப்பாதையில் தோளில் பாடையோடு எட்டுக் கால்கள் ஒரே அடியாக ஏறுவதைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இந்த விளக்கம்தான் சரியாகப் படுகிறது.

அப்புறம் ஐயனார். திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு மண்குதிரையைச் சொல்லத் தேவையில்லை, வேளார் சுட்டுக் கொடுக்க ஊரே தூக்கிக்கொண்டு போகும் புரவி எடுப்பு அங்கே இன்றும் நடக்கிறது. அந்தக் கோயில்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், பெரும்பாலும் கண்மாய்க் கரையில், ஏரிக் கரையில். நீர்காத்த ஐயனார் என்று பெயரே அதைச் சொல்கிறது. கெல்பி ஆளை மூழ்கடிக்கும் குதிரை, ஐயனார் குதிரையோ கரை உடையாமல் இரவெல்லாம் சுற்றி வந்து காக்கும் குதிரை. தண்ணீர்ப் பயம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் தமிழ்க் கிராமம் அந்தக் குதிரையின் மேல் காவலுக்கு ஓர் ஆளை ஏற்றி உட்கார வைத்துவிட்டது. உலகக் கதைகளோடு வைத்துப் பார்க்கும்போது நம் ஆட்கள் செய்த மிகப் பெரிய மாற்றம் இது என்பேன்.

மலைக்கு வந்தபோது ஏரி இல்லை, கண்மாய் இல்லை, எங்கள் தோட்டத்தில் மண்குதிரை செய்யத் தெரிந்தவரும் இல்லை. மரத்தடிக் கல்லும் சூலமும் முனியாண்டி ஆனது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சுழலும் ரோதைக்கு (சக்கரத்துக்கு) ரோதைமுனி என்று புதிதாக ஒரு சாமியே வந்தார். பழைய ஸ்டோர்களில் அந்த ரோதையைச் சுற்ற வைத்தது ஓடைத் தண்ணீர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை மட்டும் அப்பாயியின் வாயில் தங்கிவிட்டது, ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க வந்துகொண்டே இருந்தது.

தண்ணீர் குடித்து ஓடும் இன்னொன்றும் மலையேறியது. கண்டிக்கு 1867இல் வந்து, மெல்ல மெல்ல ஏறி, 1924இல் பதுளை போய்ச் சேர்ந்தது. "கரி தின்று, தண்ணீர் குடித்து, கொழும்புக்கு ஓடும் இரும்பு யக்கா" என்று சிங்கள நாட்டார் பாட்டு ரயிலைப் பாடியது. யக்கினி பெண்குதிரையாக ஓடிய நாட்டில் ரயிலை யக்கா என்று அழைத்ததில் ஆச்சரியம் இல்லை. நாம் கோச்சி என்றோம். கோச்சு என்றால் முதலில் குதிரை பூட்டிய வண்டிதான்.

அந்தக் கோச்சியை நினைத்தால் ஒரு ஜாதகக் கதையை, அதாவது புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்றை, சொல்லாமல் இருக்க முடியாது. வலாகஸ்ஸ ஜாதகம். கப்பல் உடைந்து 500 வணிகர்கள் தம்பபண்ணித் தீவில், அதாவது இலங்கையில், யக்கினிகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது இமயத்திலிருந்து வெள்ளைக் குதிரை ஒன்று வானத்தில் பறந்து வருகிறது, குளங்களின் ஓரத்தில் தானாக விளைந்த நெல்லைத் தின்கிறது, பிறகு மூன்று முறை கேட்கிறது, "ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" 250 பேர் வருகிறோம் என்கிறார்கள். சிலர் முதுகில் ஏறுகிறார்கள், சிலர் வாலைப் பிடிக்கிறார்கள், சிலர் ஒன்றும் செய்யாமல் கைகூப்பி நிற்கிறார்கள். நின்றவர்களையும் சேர்த்தே அது தூக்கிப் போகிறது. மற்ற 250 பேர் இங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் எங்கள் ஆட்களைப் பங்கிட்டுச் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கதையில் குதிரை ஆளைக் கேட்டது, மூன்று முறை கேட்டது. அப்பாயியின் தங்கை குடும்பம் அந்த ஒப்பந்தத்தில்தான் தலைமன்னார் போகும் கோச்சியில் ஏறியது. தோட்டத்திலிருந்து பாதிப் பேர் ஸ்டேஷனுக்கு வந்து, சிலர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார்கள், அப்பாயி பிளாட்ஃபாரத்தில் கைகூப்பி நின்றாராம். நின்றவர்களைக் கோச்சி தூக்கிப் போகவில்லை. ஊர் எது என்ற கேள்விக்கு அந்தக் குதிரையிடமும் சுலபமான பதில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், தங்கிய பாதிப் பேரை யக்கினியின் மாயத்தில் மயங்கியவர்கள் என்று ஜாதகம் சொல்வதை மட்டும் என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சிலர் தங்குவது மண்ணுக்காகவும் இருக்கலாம்.

இப்போது கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் அணை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 2012இல் வேலை செய்யத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட். இயந்திரத்தின் வலுவைக் குதிரையோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் வாட், அவரும் ஸ்கொட்லாந்துக்காரர். அவர் கணக்கில் பார்த்தால் எங்கள் ஆற்றில் சுமார் 2,00,000 குதிரைகள். அப்பாயி ஒன்றைத்தான் சொன்னார். சென் கிளேயர் அருவியில் முன்பு போலத் தண்ணீர் விழுவதில்லை, ஆற்றின் மூக்கிலும் கயிறு கோர்த்தாயிற்று.

போன வருடம் எங்கள் முனியாண்டி கோயிலில் திருவிழாவுக்கு முந்தி சீமெந்தில் ஒரு குதிரை வைத்தோம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், எல்லாருக்கும் அது பெரிய சந்தோசம். முகம் ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வெள்ளை அடித்து முடித்ததும், சூலத்துக்கு வாங்கிய சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் மீந்து கிடந்தது, சின்னப் பையன் ஒருவன் அதை எடுத்து நாலு காலுக்கும் பூசிவிட்டான். பூசாரி அவனைத் திட்டப் போனார். இருக்கட்டும் விடுங்க தாத்தா, அது அப்படித்தான் இருக்கணும் என்றேன்.